கொம்பு கேட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் திராட்சைத் தோட்டம் உத்தனப்பள்ளியைத் தாண்டி, ராயக்கோட்டை சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதையின் கோடியில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கல்தூண் நட்டுப் பந்தல் போட்ட நிலம். அவர் காலத்தில் பழம் கூடை கூடையாகப் பெங்களூருக்குப் போனது. தாத்தா காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை எடுத்து ஒயின் போட ஆரம்பித்தார்கள். இன்றும் அப்படித்தான், பழம் தமிழ்நாட்டில், ஒயின் கர்நாடகத்தில். பாட்டிலில் ஒட்டும் தாளில் தலைப்பாகையோடு கொள்ளுத்தாத்தா முறைத்துக்கொண்டிருப்பார். ஆலையைப் பெரியப்பாவின் பிள்ளைகள் நடத்துகிறார்கள். தோட்டம் அப்பாவின் பொறுப்பு. அம்மா இறந்த பிறகு அவர் தனியாகத் திணறுவதைப் பார்த்துவிட்டு, ஒரே மகளான நான் ஓசூரில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்.

ரசாயன மருந்து அடிப்பதை அப்பா எப்போதோ நிறுத்தியிருந்தார். சாணம், கோமியம், வேப்பம் புண்ணாக்கு, சாம்பல் நோய் தட்டினால் புளித்த மோர். இயற்கை விவசாயம் என்று சான்றிதழும் வாங்கியாயிற்று. அதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது, பயோடைனமிக் என்று பெயர், வெளிநாட்டில் பழைய ஒயின் குடும்பங்கள் எல்லாம் அதற்குத்தான் மாறுகின்றன என்று பெரியப்பா பிள்ளைகள் சொன்னார்கள். ஓர் ஆலோசகரையும் அனுப்பி வைத்தார்கள். இளவயதுக்காரர், கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். பால் கறக்கிற பசுவின் சாணத்தை மாட்டுக் கொம்புக்குள் அடைத்து, மழை ஓய்கிற சமயத்தில் மண்ணில் புதைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்து, நாற்றமே இல்லாத கறுத்த மண்ணாக அது மாறியதும் எடுத்துத் தண்ணீரில் சுழி விழும்படி கலக்கி, சாயங்காலத்தில் நிலத்தில் தெளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நிலா பார்த்து நாள் குறிக்க வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "நம்ம கீழ்நோக்கு நாள், மேல்நோக்கு நாள்தான இது! காலண்டர்ல பின்பக்கம் போட்டிருக்கறத இவுரு பெருசா சொல்றாரு" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் கன்னடத்தில் மிகவும் பணிவாகத் தலையாட்டினார்.

கொம்பு கடையில் கிடைக்கும், ஆனால் இதே நிலத்தில் மேய்ந்த மாடுகளின் கொம்பாக இருந்தால் விசேஷம் என்றார் ஆலோசகர். இப்போது எங்களிடம் இருப்பவை கலப்பின மாடுகள். கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறோம். ஆலோசகர் போனதும் அப்பா சொன்னார்: "கொம்பு இருக்குதும்மா. நம்ம மாட்டுக் கொம்பே இருக்குது."

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் மாடு செத்தால், ஊருக்குக் கிழக்கே இருந்த காலனியிலிருந்து ஒரு குடும்பம் வந்து எடுத்துப்போகும். அது அவர்கள் வேலை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டுப் பெரியவர் மூங்கில் கழியும் கயிறுமாக வருவார். அவருக்கு நான் பேத்தி வயது. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கூட வரும் அவர் மகன் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரை 'டேய்' என்பேன். அதற்காக என்னை யாரும் அதட்டியதில்லை. 'அண்ணா' என்று கூப்பிட்டிருந்தால்தான் அதட்டியிருப்பார்கள். தோலும் கொம்பும் அவர்களுக்கு. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொம்புகள் குவிந்து கிடக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

பெரியவர் இறந்துவிட்டார். மகன் ஐ.டி.ஐ. படித்து, ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்குக் குடிபோய், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தார்.

"போன் போட்டுக் கேக்கலாமேப்பா" என்றேன்.

"போன்ல கேட்டா மதிக்காத மாதிரி ஆயிடும். நேர்ல போறதுதான் மரியாத." அப்பா அதை மனதாரச் சொன்னார். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மறுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். நான் கார் ஓட்டினேன். சந்துக்குள் வரிசையாக இரண்டு மாடி வீடுகள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு குடித்தனம். கீழே வீட்டு ஓனர், மேலே அவர். வெள்ளை வேட்டி சட்டையோடு காரிலிருந்து இறங்கிய அப்பாவைப் பார்த்ததும் ஓனரே எழுந்து வந்தார். சேலம் பக்கத்து மனிதர், ஏதோ கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். "யாரைப் பாக்கணுங்க?" என்று கேட்டு, மாடிக்கு வழிகாட்டிக்கொண்டு தானும் கூடவே ஏறி வந்தார்.

கதவைத் திறந்தவர் அவரேதான். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டே, "வாங்க சார், வாங்க மேடம்" என்றார். அவருடைய அப்பா எங்களை 'சாமி' என்பார். இந்த 'சார்' கம்பெனியில் கற்றுக்கொண்டது, யாரிடமும் சொல்லக்கூடியது. அப்பா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"என்னடா, நல்லா இருக்கியா? வூடெல்லாம் ஜோரா வெச்சிருக்கியே" என்றார்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. காதோரம் நரைத்திருந்தது. மகள் சுவரோரம் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். அப்பா அந்த 'டா'வைச் சொன்னபோது அவள் தன் அப்பாவைத்தான் பார்த்தாள், எங்களை அல்ல. எனக்கு வாய் கட்டிப்போயிற்று. 'நீ' என்று சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்தில் இருக்க 'நீங்க' என்றும் வரவில்லை. "வேலையெல்லாம் எப்படிப் போகுது? ஷிப்ட் இருக்குதா? பாப்பா என்ன படிக்கறா?" என்று ஆளைச் சுட்டாத கேள்விகளாகத் தேடித் தேடிக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இப்படி எத்தனை பேர் அவரிடம் பேசியிருப்பார்கள்.

அவர் மனைவி கண்ணாடி டம்ளர்களில் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். வீட்டு ஓனர் எடுத்துக் குடித்தார். அப்பா கையைக் குவித்து, "இப்பதான் சாப்ட்டு வந்தம்மா, வெச்சிடு" என்றார். நான் எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். தாகம் இல்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று குடித்தேன். காலி டம்ளரைத் தட்டில் வைத்தபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்?

பிறகு அப்பா வந்த விஷயத்தைச் சொன்னார்.

"உங்க அப்பன் நம்ம வூட்டுல செத்த மாட்டையெல்லாம் இழுத்துட்டுப் போவானே, அந்தக் கொம்பெல்லாம் எங்கடா போட்டு வெச்சிருக்கீங்க? இருந்தா குடு. தோட்டத்துக்கு ஆவுது."

மகள் புத்தகங்களை மெதுவாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். அந்த வீடே இடிஞ்சி போச்சி" என்றார்.

"செத்த மாடா?" என்றார் வீட்டு ஓனர்.

அப்பா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தெரியாத ஒருவருக்கு ஊர்க்கதை சொல்லும் உற்சாகம் அவருக்கு வந்துவிட்டது. "ஆமாங்க. தலமொற தலமொறயா எங்க வூட்டுக்கு இவங்கதான்..."

நான் அப்போது பேசியிருக்கலாம். 'அப்பா, கிளம்பலாம்' என்ற இரண்டே வார்த்தை. தொண்டையில் ஆரஞ்சுப் புளிப்போடு உட்கார்ந்திருந்தேன். எழுந்தவர் அவர்தான்.

"சார், கார் சந்துல நிக்குது. லோடு ஆட்டோ வர்ற நேரம். வாங்க, கீழ போயிடலாம்" என்று அப்பாவின் முன்னால் நின்று வாசலைக் காட்டினார். குரலில் கோபமே இல்லை. வரிசையில் ஒரு மிஷின் தப்பாக ஓடினால் உடனே நிறுத்துகிற மாதிரி, அவ்வளவுதான்.

கீழே வந்ததும் அப்பா வீட்டு ஓனரிடம் தோட்டத்து விசிட்டிங் கார்டைக் கொடுத்து, "அறுப்பு சமயத்துல குடும்பத்தோட வாங்க, பழம் பறிச்சிட்டுப் போலாம்" என்று அழைத்தார். மாடி வீட்டுக்காரர் காருக்கு வெளியே கைகட்டாமல் நின்றிருந்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வெயில் என்று காரணம் இருந்தது.

வழியில் அப்பா கேட்டார்: "ஏம்மா பேசாம வர? நான் இல்லாததயா சொன்னன்? நடந்ததத்தான கேட்டன்?"

நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்தேன்.

சில நாள் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார். பின்னால் கம்பெனி இரைச்சல் கேட்டது.

"மேடம், பேசலாமா?"

"பேசலாங்க. அன்னைக்கு அப்பா பேசினது..."

"அத விடுங்க மேடம். அவுரு எப்பவும் அப்பிடித்தான். நான் கூப்ட்டது வேற விசயம்." கொஞ்சம் தள்ளிப் போயிருப்பார் போலிருக்கிறது, இரைச்சல் குறைந்தது. "வீடு பிடிக்கறப்ப ஓனரு என்ன ஆளுங்கன்னு கேட்டாரு. நான் விவசாயம்னு சொன்னன். அதுக்கு மேல அவுரும் கேக்கல. இப்ப ரெண்டு நாளா கேக்கறாரு. எங்க அப்பா மாட்டு யாவாரம் பண்ணாரு, செத்த மாட்டையும் வாங்கி விப்பாரு, அதத்தான் பெரியவரு சொன்னாருன்னு சொல்லிட்டன். அவுரு உங்க தோட்டத்துக்கு வர்றன்னு சொல்றாரு. வந்து கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க. பொண்ணு ப்ளஸ் டூ மேடம். நடு வருசத்துல என்னால வீடு மாத்த முடியாது."

"சொல்றேங்க. நீங்க கவலப்படாதீங்க" என்றேன். 'நீங்க' எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. முகம் பார்க்க வேண்டியதில்லை. போனை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது.

அன்றே அப்பாவிடம் சொன்னேன். அவர் எடுத்த எடுப்பில், "பொய் சொல்லணுமா? இன்னாத்துக்கு? அவங்க அப்பன் பண்ணது திருட்டா? உழைச்சான். அதச் சொன்னா என்ன கேவலம்?" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. "கேவலம் இல்லன்னா, அவங்க வீட்டு ஜூஸ நீங்க ஏன் குடிக்கல?" என்றேன். அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "எனக்குச் சக்கர இருக்குதும்மா. உனக்குத் தெரியாதா?"

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது உண்மை. தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். ஆனால் கல்யாண வீடுகளில் அவர் பாயசம் வாங்கிக் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன். எது காரணம் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கொம்புகள் கடைசியில் கூரியரில் வந்தன. அட்டைப் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறை. எங்கிருந்தோ, எந்த மாடுகளோ. உறையைப் பிரித்தபோது லேசாக ஒரு வீச்சம் அடித்தது. கழுவி வெயிலில் வைத்துவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். பிறகு குழாயடியிலேயே நின்றுவிட்டேன். பெரியவர் இப்படி மாடு தொட்ட கையோடு, இதைவிட எவ்வளவோ மோசமான வீச்சத்தோடு, எங்கள் வீட்டுப் பின்வாசலில் கூழுக்கு நிற்பார். சட்டியைத் தள்ளிவைத்து உயரத்திலிருந்து ஊற்றுவார்கள்.

ஐப்பசியில் ஒரு கீழ்நோக்கு நாளில் புதைத்தோம். ஆலோசகர் வந்திருந்தார். பெங்களூரில் ஹோட்டல் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரைப் பெரியப்பா பிள்ளைகள் அழைத்து வந்திருந்தார்கள். சாணம் அடைத்த கொம்புகளை வாழையிலையில் வரிசையாக வைத்து, அப்பா ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். கற்பூரம் ஏற்றித் தட்டை என் கையில் கொடுத்தார். "இது எங்க மூதாதைங்க முறை" என்று அவர் சொல்ல, நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் குனிந்து ஒரு கொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தப் படங்களில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கொம்பு சாமியாகிவிட்டது. அதைச் சுமந்தவர்களின் பிள்ளை, தன் அப்பா என்ன செய்தார் என்பதை மறைத்துத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன, நான் இரண்டுக்கும் தலையாட்டியிருந்தேன்.

பழம் பறிக்கும் காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரிலிருந்து குடும்பங்கள் வரும். ஒரு ஞாயிறு அந்த வீட்டு ஓனர் மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்து இறங்கினார். கார்டைப் பத்திரமாக வைத்திருந்தார். பந்தலுக்கடியில் கூட்டிப்போய், கொத்தை எப்படிப் பிடித்து வெட்டுவது என்று காட்டினேன். பிள்ளைகள் வாயெல்லாம் நீலமாகத் தின்றன. அவர் சும்மா பேசிக்கொண்டே வந்தவர், சாதாரணமாகக் கேட்டார்.

"நம்ம மாடி வீட்டுக்காரரு அப்பா, உங்ககிட்ட என்ன வேலையா இருந்தாருங்க?"

அப்பா இரண்டு தூண் தள்ளி, கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். காதில் விழும் தூரம்தான்.

"வேலையெல்லாம் இல்லைங்க" என்றேன். "அவரு மாட்டு வியாபாரி. எங்க தாத்தா அவர் மூலமாத்தான் மாடு வாங்குவாரு, விப்பாரு."

"அப்ப அன்னைக்கு ஐயா செத்த மாடுன்னு..."

"அதுவும் வியாபாரந்தானுங்களே. தோல் வியாபாரம்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடிங்களா ஐயா?"

அப்பா கூடையைக் கீழே வைத்தார். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அது நல்ல குணம் என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். இப்போது அந்த நல்ல குணத்துக்குப் பயந்துகொண்டு, கையில் கத்திரியோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடியில் எதையோ தேடுவதுபோல மேலே பார்த்தார்.

"ஆமாங்க. மாட்டு யாவாரம்" என்றார். "எங்க அப்பாரும் அவனும் சேந்துதான் சந்தைக்குப் போவாங்க."

வீட்டு ஓனர் தலையாட்டிவிட்டுப் பழத்தின் பக்கம் திரும்பினார். அந்த 'அவனும்' அவர் காதில் விழுந்ததா, விழுந்தும் அதில் எதையும் கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. சேர்ந்து சந்தைக்குப் போனார்களாம். என் தாத்தா காலனிப் பெரியவரோடு ஒரே திண்ணையில்கூட உட்கார்ந்தவரில்லை. அப்பாவின் முகம் சிவந்திருந்தது. சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்: "அந்த ஆளு நல்லாத்தான் மாட்டப் பத்தித் தெரிஞ்சவன். யாவாரம் பண்ணியிருக்கலாம். பண்ண உட்டிருந்தா."

நான் மாடிக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"தேங்க்ஸ் மேடம். பெரியவருக்கும் சொல்லிடுங்க" என்றார்.

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. அவருக்கு வர இருந்த கெடுதல் எங்கள் வாயால் வந்தது. அதைப் பாதி தடுத்ததற்கு நன்றி. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர், "ஷிப்ட் மாறுது மேடம், வெச்சிடறன்" என்றார். நேரில் போய்க் கேட்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் எங்கள் கார் மறுபடி அந்தச் சந்தில் போய் நிற்பதே அவருக்கு இன்னொரு தொல்லை. என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவர் வாசலில் போய் நிற்கக் கூடாது. அதனால் போகவில்லை. அது சரியான காரணமா, வசதியான காரணமா என்று அவ்வப்போது யோசிப்பேன்.

மகள் பரீட்சை எழுதி, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மறு வருடம் அவர் பாகலூர் சாலைப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோனார். எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஒரு அம்மாள் கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்து சொன்னார். மொசைக் இல்லை, டைல்ஸ்; கறிச்சோறு; கம்பெனியிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்களாம்.

அப்பா கேட்டுக்கொண்டே மோர் குடித்தார். அந்த அம்மாள் போனதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நமக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார். நிஜமாகவே மனம் நொந்திருந்தார்.

"ஏன்பா சொல்லணும்?" என்று கேட்டேன்.

பிறகு, கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை அன்றைக்கு இருந்ததால் அதற்கு ஆட்களைக் கூப்பிட எழுந்து போனேன்.